சைலன்சருக்குப் பின்னால் மூன்று பூனைகள்

மஸாவாவிலிருந்து விடியுமுன் புறப்பட்டேன்.
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் நான்கு பெட்டி,
பனிக்கட்டிக்குள் களவாயும் வஞ்சிரமும்.
ஃபியாட் ஆயிரத்து நூறு.
என்னைவிட ஆறு வயது மூத்தது.

கிண்டா வரைக்கும் முள் நடுவில் நின்றது.
அதன் பிறகு மலை.
ஏற ஏறத் தண்ணீருக்குப் பொறுமை குறைகிறது;
அஸ்மராவில் தொண்ணூற்றிரண்டு டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
நெஃபாசித் தாண்டி ஐந்தாவது வளைவில்
அதே பாடம்
பானெட் இடுக்கிலிருந்து சீறியது.

மூடியைத் தொடவில்லை. அவ்வளவு புத்தி உண்டு.
ஆடு மேய்க்கும் பையன்கள்
சக்கரத்துக்குக் கல் கொண்டுவந்து அண்டைகொடுத்தார்கள்.
தண்ணீர் அவர்களிடமும் இல்லை.
பள்ளத்தாக்கு முழுக்க மேகம்,
ஒரு குவளைக்குப் பிடிக்க முடியாத தண்ணீர்.

முக்கால் மணி நேரம் பார்த்தேன்.
பிறகு துணியைச் சுற்றி மூடியைத் திருகினேன்,
மீன்பெட்டியின் அடியில் தேங்கியதை
மெல்ல மெல்ல ரேடியேட்டருக்கு ஊற்றினேன்.
செதில் மிதந்தது.
வேறென்ன செய்ய?

ஒக்பாஸ்கியின் பட்டறைக்குள் நுழைந்தபோது
எனக்குப் பின்னால் வெள்ளைப் புகை,
புகைக்குப் பின்னால் மூன்று பூனைகள்.

ஃபேன் பெல்ட்டாக இருக்கும், என்றேன்.
அழுத்திப் பார்த்தான், முறுக்காக இருந்தது.
தெர்மோஸ்டாட்?
வெந்நீரில் போட்டான், ஒழுங்காகத் திறந்தது.
மூடியின் ரப்பர்?
மலிவான சாமான்களையெல்லாம்
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
வேண்டுதல் மாதிரி.

அவன் இன்ஜினைப் போடச் சொன்னான்.
திறந்த ரேடியேட்டரில் குமிழி,
சோற்றுப்பானை போல, விடாமல்.
பின்பக்கம் போய்க் குந்தினான்.
பூனைகள் அவனுக்கு இடம்விட்டு நகரவில்லை.
நால்வரும் ஒன்றாக மோந்தார்கள்.

"மீன்" என்றான்.
"வண்டி முழுக்க மீன்தானே" என்றேன்.
"இது வறுத்த மீன்."

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தான்.
முதலாவதும் நாலாவதும் பழுப்பு.
மூன்றாவது மட்டும்
இப்போதுதான் கடையில் வாங்கியதுபோல் வெள்ளை:
நீராவி அதைக் கழுவியிருக்கிறது.
பிறகு அழுத்தமானியைச் செருகினான்,
நான் ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன்.
ஒன்பது.
நாலு.
நாலு.
ஒன்பது.

"இரண்டும் மூன்றும் நடுச்சுவரை இடித்துவிட்டு
ஒரே குடித்தனம் நடத்துகின்றன.
கேஸ்கெட் போய்விட்டது, லெத்தெகிதான்.
உப்புத் தண்ணீரா ஊற்றினாய், அலுமினியத் தலைக்கு?"
"கடல் தண்ணீர் இல்லை, பனிக்கட்டி உருகியது."
"மீன் எங்கே இருந்தது?"
பதில் சொல்லவில்லை.
சாயங்காலம் விலை பேசும்போது
அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கூட்டினான்.

மறுநாள் தலையைத் தூக்கினார்கள்.
இரு சிலிண்டருக்கும் நடுவில் கருகிய கீறல்,
என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்,
அது கிளைத்துத் தண்ணீர்த் துளையைத் தொட்டிருந்தது.
இவ்வளவுதானா, என்று வாய்விட்டுக் கேட்டேன்.
துளையின் ஓரத்தில் ஒரு செதில்
வேகாமல் ஒட்டியிருந்தது.
களவாய்ச் செதில். எனக்குத் தெரியாதா.

தலையைச் சமப்படுத்தக் கடைசல்காரனிடம் அனுப்பினோம்.
அதற்குள் பனிக்கட்டி தீர்ந்துவிட்டது.
இரண்டு பெட்டியைப் பாதி விலைக்கு வெல்டர்களுக்கும்
தகரக்காரர்களுக்கும் கொடுத்தேன்,
மற்ற இரண்டு என் தலையில்.
அந்தத் தெருவில் அன்று எல்லா அடுப்பிலும் எண்ணெய் பொரிந்தது.
ஒக்பாஸ்கிக்கு நடுத்துண்டம். காசு வாங்கவில்லை,
கணக்கிலும் அவன் குறைக்கவில்லை.

நான்காம் நாள்
போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக முறுக்கி,
ஜாக்கெட்டைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி
சாவியைத் திருப்பச் சொன்னான்.
முள் ஏறியது. நின்றது.
குமிழி இல்லை என்றான். நான் நம்பவில்லை.
அரைமணி நேரம் ஓடவிட்டுப்
பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

சாம்பல்நிறப் பூனை வந்தது.
சைலன்சரின் வாயருகே மூக்கை நீட்டியது,
ஒருமுறை தும்மியது,
வாலைத் தூக்கிக்கொண்டு
வெல்டர் கடைப் பக்கம் போய்விட்டது.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.